பலூன் பாதிரியாரும் தலையெழுத்தும்

2008 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை. பிரேசிலின் பரனா மாநிலத்தில் உள்ள பரனகுவா என்ற துறைமுக நகரத்திலிருந்து அடெலிர் அந்தோனியோ டி கார்லி என்ற கத்தோலிக்கப் பாதிரியார், ஓர் இருக்கையில் தன்னைக் கட்டிக்கொண்டு, ஹீலியம் அடைத்த ஆயிரம் பலூன்களோடு வானில் ஏறினார். பிறந்தநாள் வீட்டில் கட்டித் தொங்கவிடும் அதே ரகப் பலூன்கள்தான். லாரி ஓட்டுநர்கள் வழியில் தங்கி இளைப்பாறவும் ஜெபிக்கவும் ஒரு நிலையம் கட்ட வேண்டும், அதற்குப் பணம் திரட்ட வேண்டும். பலூன்களில் அதிக நேரம் பறந்த சாதனையை முறியடித்தால் நாடே திரும்பிப் பார்க்கும் என்று அவர் கணக்குப் போட்டார். தலைக்கவசம், பாராசூட், குளிர் தாங்கும் உடை, தொலைபேசி, ஜிபிஎஸ் கருவி என்று எல்லாம் கையில் இருந்தன. போக நினைத்தது நாட்டின் உட்பகுதிக்கு. காற்று இழுத்துக்கொண்டு போனது கடலுக்கு. கரையில் இருந்தவர்களைத் தொலைபேசியில் பிடித்து அவர் கேட்ட உதவிதான் இந்தக் கதையில் மறக்க முடியாதது. இந்த ஜிபிஎஸ்ஸை எப்படி இயக்குவது என்று யாராவது சொல்லித்தாருங்கள், நான் இருக்கும் இடத்தைச் சொல்ல வேறு வழியில்லை என்றார். பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. ஜூலை மாதம் ரியோ டி ஜெனிரோ மாநிலக் கடற்பகுதியில் ஒரு இழுவைக் கப்பல் கண்டெடுத்த உடலின் பாதி அவருடையதுதான் என்று மரபணுச் சோதனை உறுதி செய்தது.

இந்தச் சாவுக்கு ஒரு பரிசும் கிடைத்தது. மடத்தனத்தால் தாங்களே செத்து, மனித இனத்தின் மரபணுக் களஞ்சியத்தைச் சுத்தப்படுத்தியவர்களுக்கு என்று சொல்லிக்கொண்டு 'டார்வின் விருது' என்ற கேலிப் பட்டம் ஒன்று 1980களிலிருந்து அமெரிக்காவில் புழங்கிவருகிறது. வெண்டி நார்த்கட் என்பவர் அந்தக் கதைகளைத் தொகுத்து 2000ஆம் ஆண்டு முதல் புத்தகங்களாகவும் வெளியிட்டார், நன்றாக விற்றன. 2008ஆம் ஆண்டுக்கான விருது டி கார்லிக்கு. கத்தோலிக்கப் பாதிரியார் பிரம்மச்சரியம் காப்பவர். அவர் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்திருந்தாலும் மரபணுக் களஞ்சியத்தில் எதையும் சேர்த்திருக்கப் போவதில்லை. பரிசு கொடுத்தவர்களுக்கு டார்வினையும் தெரியவில்லை, திருச்சபையையும் தெரியவில்லை.

இப்படிப்பட்ட சாவைக் கேள்விப்பட்டதும் மனிதர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். தூரத்தில் நடந்திருந்தால் சிரிக்கிறார்கள். தங்கள் தெருவில் நடந்திருந்தால், "விதி முடிஞ்சிருச்சு, நாம என்ன பண்ண முடியும்" என்கிறார்கள். முதலாவது ஈரமில்லாதது, இரண்டாவது ஈரமுள்ளது என்று தோன்றும். ஆனால் இரண்டும் செய்கிற வேலை ஒன்றே என்பதுதான் என் வாதம். செத்தவர் எடுத்த முடிவை நேராகப் பார்க்க இரண்டுமே நம்மை விடுவதில்லை. சிரிக்கிறவர், அவன் வேறு ரகம், நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்று நகர்ந்துவிடுகிறார். விதி என்கிறவர், அங்கே யாரும் எந்த முடிவையும் எடுக்கவில்லை, எழுதியிருந்தது நடந்தது என்று நகர்ந்துவிடுகிறார். இரண்டு பேருமே பிணத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் பார்க்கிறார்கள். முடிவெடுத்த மனிதருக்கோ அந்த வசதி கிடையாது.

பின்னோக்கிப் பார்ப்பது எவ்வளவு தவறாகக் காட்டும் என்பதற்கு டி கார்லிக்கு இருபத்தாறு ஆண்டுகள் முன்னால் நடந்த இன்னொரு பறத்தலைப் பார்க்கலாம். 1982 ஜூலை 2 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் சான் பெட்ரோ பகுதியில் லாரி வால்டர்ஸ் என்பவர் புல்வெளியில் போட்டு உட்காரும் மடக்கு நாற்காலியில், நாற்பதுக்கும் மேற்பட்ட வானிலை ஆய்வுப் பலூன்களைக் கட்டிக்கொண்டு ஏறினார். கொஞ்ச உயரத்தில் மிதந்துவிட்டு, கையில் வைத்திருந்த ரவைத் துப்பாக்கியால் பலூன்களைச் சுட்டுச் சுட்டு இறங்கிவிடலாம் என்பது திட்டம். போனது சுமார் 16,000 அடி. விமானங்கள் இறங்கும் பாதைக்குள் நுழைந்தார். சில பலூன்களைச் சுட்டதும் துப்பாக்கி கை நழுவிக் கீழே போய்விட்டது. கடைசியில் லாங் பீச்சில் மின்கம்பியில் சிக்கினார். அந்தப் பகுதியில் மின்சாரம் போனதே தவிர அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அபராதம் கட்டினார், தொலைக்காட்சியில் தோன்றினார். அவர் கதையை வைத்து நாடகமும் வந்தது. அந்த நாற்காலி இன்று ஸ்மித்சோனியன் வான்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. வால்டர்ஸ் தொழிலால் ஒரு லாரி ஓட்டுநர். டி கார்லி நிலையம் கட்ட நினைத்தது அவரைப் போன்றவர்களுக்குத்தான்.

இரண்டு பேரில் யார் அதிக மடையர்? நாற்காலிக்காரர் ஒரு துப்பாக்கியை நம்பினார், பாதிரியார் ஒரு தொலைபேசியை நம்பினார். இருவருக்கும் இறங்கும் வழி சரியாகத் தெரியாது, காற்று கையில் இல்லை. ஒரே வித்தியாசம் ஒருவர் மின்கம்பியில் போய் விழுந்தார், இன்னொருவர் கடலில் போய் விழுந்தார் என்பது. அதில் இருவரின் அறிவுக்கும் பங்கில்லை. ஆனால் ஒருவருக்கு அருங்காட்சியகம், இன்னொருவருக்கு டார்வின் விருது. ஜோனதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட சோதனைகளில் இந்தப் பழக்கத்தைப் பிடித்துக் காட்டினார்கள். இதய நோயாளி ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று மருத்துவர் முடிவெடுக்கிறார். சாவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும். நோயாளி பிழைத்தார் என்று கேட்டவர்கள் அது நல்ல முடிவு என்றார்கள். அதே கதையை, இறந்தார் என்று முடித்துச் சொன்னபோது, கேட்டவர்கள் மருத்துவரின் முடிவைத் தாழ்த்தி மதிப்பிட்டார்கள். முடிவெடுத்த நேரத்தில் மருத்துவருக்குத் தெரிந்தது இரண்டு கதைகளிலும் ஒன்றுதான்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். விளைவைப் பார்க்கக் கூடாது என்றால், குடித்துவிட்டு வண்டி ஓட்டி வீடு போய்ச் சேர்ந்தவனும், அதே போதையில் ஒரு குழந்தையைக் கொன்றவனும் ஒன்றா? சட்டம் ஒன்று என்று சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் முதல் முறை பிடிபட்டவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை போகலாம். தாமஸ் நேகலும் பெர்னார்ட் வில்லியம்ஸும் 1976இல் நடத்திய தத்துவ விவாதம் இதைப் பற்றியதுதான். பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்ட ஒரு லாரி ஓட்டுநரை நேகல் உதாரணமாக எடுத்துக்கொள்கிறார் (லாரி ஓட்டுநர்கள் இந்த விஷயத்தை விட மாட்டேன் என்கிறார்கள்). குறுக்கே குழந்தை ஓடி வந்தால் அவர் ஆயுள் முழுக்கக் குற்றவாளி. வராவிட்டால் சாதாரண மனிதர். குழந்தை வருவதும் வராததும் அவர் கையில் இல்லை. நேகல் இதை முடிச்சாகவே விட்டுவிட்டார். என் பதில், விளைவு கடனைத் தீர்மானிக்கிறது என்பதுதான். கொன்றவன் பதில் சொல்லியாக வேண்டிய ஒரு குடும்பம் இருக்கிறது, மற்றவனுக்கு இல்லை; தண்டனையில் வித்தியாசம் இருப்பது அதனால். ஆனால் சாவியைத் திருகிய நொடியில் இருந்த மடமை இரண்டு பேருக்கும் சம அளவு. செத்தவனுடைய மடமை செத்ததால் கூடிவிடவில்லை. பிழைத்தவனுடையது பிழைத்ததால் குறைந்துவிடவும் இல்லை.

குறையாதது மட்டுமல்ல, வளரவும் செய்கிறது. டி கார்லி ஏப்ரலில் பறந்தது முதல் முறையல்ல. அதே ஆண்டு ஜனவரி 13 அன்று அறுநூறு பலூன்களோடு பிரேசிலிலிருந்து ஏறி, 5,000 மீட்டருக்கு மேல் போய், நான்கு மணி நேரம் பறந்து, எல்லை தாண்டி அர்ஜென்டினாவில் பத்திரமாக இறங்கியிருந்தார். அந்த வெற்றிதான் அவரைக் கொன்றது என்று சொன்னால் மிகையில்லை. ஆபத்தான வேலையில் தப்பித்தவர், அதிர்ஷ்டத்தால் தப்பித்தேன் என்று எடுத்துக்கொள்வது அபூர்வம். இதில் அப்படியொன்றும் ஆபத்தில்லை என்றே எடுத்துக்கொள்கிறார். இது படிப்பறிவில்லாதவர்கள் விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் ஏவிய 73 விநாடிகளில் உடைந்து சிதறி ஏழு பேர் இறந்தார்கள். காரணம் உந்துகலத்தின் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள். முந்தைய பயணங்களிலேயே அந்த வளையங்களைச் சூடான வாயு அரித்திருந்தது; ஓடம் ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திரும்பியதால் அந்த அரிப்பு கணக்கில் ஏற்கப்பட்ட சங்கதியாகிவிட்டது. கடுங்குளிரில் ஏவ வேண்டாம் என்று முந்தைய இரவு பொறியாளர்கள் சொன்னார்கள், மேலாளர்கள் கேட்கவில்லை. விதிமீறல் கொஞ்சம் கொஞ்சமாக வழக்கமாகிப்போன இந்த வரலாற்றைச் சமூகவியலாளர் டயான் வான் 1996இல் பெரிய புத்தகமாகவே எழுதினார். நாசாவின் கோப்புகளில் இருந்த அதே நியாயத்தை நம் ஊர் டீக்கடையிலும் கேட்கலாம்: "இருபது வருஷமா ஹெல்மெட் இல்லாமத்தான் ஓட்டுறேன், என்ன ஆயிருச்சு?"

இப்போது விதிக்கு வருவோம். டி கார்லி கடவுளை நம்பியவர், கடவுளுக்காகவே பறந்தவர். அவருடைய சபையே இந்தக் கேள்விக்கு என்ன சொல்கிறது? 2008ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் முதல் ஞாயிறு பிப்ரவரி 10, அவருடைய இரண்டு பறத்தல்களுக்கும் நடுவில். அன்றைய திருப்பலிக்குரிய நற்செய்தி மத்தேயு நான்காம் அதிகாரம். அலகை இயேசுவைக் கோவிலின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, இறைமகன் என்றால் குதித்துக் காட்டு, வானதூதர்கள் தாங்கிப் பிடிப்பார்கள் என்று வேதத்தையே மேற்கோள் காட்டுகிறது. இயேசு குதிக்கவில்லை. கடவுளைச் சோதித்துப் பார்க்காதே என்றும் அதே வேதம்தான் சொல்லியிருக்கிறது என்று பதில் சொல்லிவிட்டு நிற்கிறார். அந்தக் காட்சியில் நம்பிக்கை குறைந்தவர் பேசுகிற பேச்சு எது, நம்பிக்கை உள்ளவர் செய்கிற செயல் எது என்று பார்க்க வேண்டும். குதி என்கிற பேச்சில்தான் பக்தி வழிகிறது. நபிகள் நாயகத்திடம் ஒருவர், ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டபோது, கட்டிவிட்டு நம்பு என்று சொன்னதாக ஹதீஸ் உண்டு. நல்ல காரியத்துக்காகப் போகிறேன், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் இந்த இரண்டு இடங்களிலும் கிடைப்பதில்லை, பக்தர்களின் பேச்சில்தான் கிடைக்கிறது.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு நுட்பமான எதிர்வாதம் உண்டு. கெட்ட காலம் வந்தால் புத்தியே கெட்டுப்போகும் என்பார்கள்; அதாவது விதி நேராக வந்து கொல்வதில்லை, முதலில் அறிவைக் கெடுத்து அதன் வழியாகக் கொல்கிறது. 'விநாச காலே விபரீத புத்தி' என்று சமஸ்கிருதத்தில் சொல்லிவிட்டால் மறுபேச்சே கிடையாது. வள்ளுவரும் 'ஊழ்' அதிகாரத்தில், இழப்பதற்கான ஊழ் வந்தால் அது ஒருவரைப் பேதையாக்கும் என்ற கருத்தைச் சொல்கிறார். இது உண்மையென்றால் மடமை என்பதே கிடையாது, எல்லாம் விதியின் கைவரிசை. ஆனால் அதே வள்ளுவர் 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தை முடிக்கும்போது, சலிக்காமல் முயல்கிறவர் ஊழையே புறங்காட்டி ஓடச் செய்வார் என்கிறார். 'அறிவுடைமை'யில், பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் இருப்பதே பேதைமை என்று தீர்ப்புச் சொல்கிறார். பேதைமையை ஊழின் கணக்கில் முழுக்க எழுதிவிட்ட ஒருவர் அதைத் திட்டி அதிகாரங்கள் எழுத வேண்டிய அவசியம் இல்லை. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் ஒரு செயலுக்கு ஐந்து காரணங்களை அடுக்குகிறது: உடல், செய்பவன், கருவிகள், முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். நாம் முதல் நான்கையும் தாண்டிக் குதித்து ஐந்தாவதில் போய் நிற்கிறோம். கிரேக்கத்து ஸ்டோயிக் தத்துவவாதிகள் விதியை முழுமையாக நம்பியவர்கள். பிழைக்க விதி இருந்தால் வைத்தியர் வேண்டாம், சாக விதி இருந்தால் வைத்தியரால் பயனில்லை என்று அவர்களைக் கிண்டலடித்தபோது, அவர்களில் ஒருவரான கிரிசிப்பஸ் சொன்ன பதில் இன்றும் நிற்கிறது: பிழைப்பது விதி என்றால் வைத்தியரைக் கூப்பிடுவதும் அந்த விதிக்குள்தான் இருக்கிறது. விதியை நம்புகிறவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே நம்பலாம். துக்க வீட்டில் ஒரு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு விதி என்று சொல்வதில் தவறே இல்லை. அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு வேலை. பதினாறாம் நாள் கழிந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருப்பதுதான் தவறு.

அப்படியானால் யாருமே ஆபத்தில் இறங்கக் கூடாதா, மனிதன் பறந்திருப்பானா என்று கேட்கலாம். ஜெர்மனியின் ஓட்டோ லிலியென்டால் 1891 முதல் தானே செய்த இறக்கைகளில் சுமார் இரண்டாயிரம் முறை பறந்தார். அதற்கென்றே ஒரு செயற்கைக் குன்றை எழுப்பினார். அளந்தார், எழுதினார், வெளியிட்டார். 1896 ஆகஸ்டில் விழுந்து இறந்தார். ரைட் சகோதரர்கள் அவருடைய அட்டவணைகளிலிருந்துதான் தொடங்கினார்கள். பாரிஸ் தையல்காரர் பிரான்ஸ் ரைஷெல்ட் 1912 பிப்ரவரி 4 அன்று, பாராசூட்டாக விரியும் என்று தான் தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு ஈஃபெல் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து, 57 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். பொம்மையைப் போட்டுச் சோதிப்பதாகச் சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தார். முந்தைய பொம்மைச் சோதனைகள் தோற்றிருந்தன. உயரம் போதவில்லை என்று அதற்கு அவரே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். நண்பர்கள் தடுத்தார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடிக் கம்பியில் ஒரு காலை வைத்தபடி அவர் பல விநாடிகள் தயங்குவது படத்தில் இன்றும் தெரிகிறது. இரண்டு பேரும் செத்தார்கள், இரண்டு பேரும் துணிந்தவர்கள். ஆனால் ஒருவர் உண்மை சொல்வதைக் கேட்டுக்கேட்டு ஓரடி ஓரடியாக முன்னே போனார், இன்னொருவருக்கு உண்மை மூன்று வழியில் வந்து சொன்னது, அவர் கேட்கவில்லை. அரிஸ்டாட்டில் சொன்னது இந்த இடத்தில் பொருந்தும்: தெரிந்துகொள்வது நம் கையில் இருந்தும் தெரியாமல் இருந்தால், அந்த அறியாமைக்கு நாமே பொறுப்பு. ஜிபிஎஸ்ஸை இயக்கத் தெரியாது என்பதைத் தரையிலேயே தெரிந்துகொண்டிருக்கலாம். நான் கேட்கிற அளவுகோல் இவ்வளவுதான். செத்தாரா பிழைத்தாரா என்பதை மறைத்துவிட்டு, அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரியும், எதைத் தெரிந்துகொண்டிருக்க முடியும் என்று கேட்க வேண்டும்.

இந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டால், மடமை என்று நாம் பட்டம் கட்டுகிற சாவுகளில் பல அந்தப் பட்டியலிலிருந்தே விழுந்துவிடும். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் இறங்கி மயங்குகிறார், அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குகிறார், பிறகு மூன்றாமவர். செய்தியைப் படிக்கிறவர், ஒருத்தன் விழுந்ததைப் பார்த்துமா இறங்குவான் என்கிறார். தொட்டிக்குள் இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே அது மரத்துப்போகச் செய்துவிடும்; நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று அவருக்குத் தோன்றும் நேரத்தில்தான் வாயு அதிகமாக இருக்கிறது. மூடிய இடங்களில் இறப்பவர்களில் அறுபது சதவீதத்துக்கு மேல் இப்படிக் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இலேயே எச்சரித்தது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை அந்த வேலைக்கு இறக்கக் கூடாது என்று இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இறங்கியவர் அறிந்திருக்க முடியாது; இறக்கியவரோ அறிந்திருக்க வேண்டியவர். மடமை எங்காவது இருக்கிறது என்றால் மேலே நின்று கூலி பேசியவரிடம் இருக்கிறது, அதை மடமை என்று சொல்வதுகூட அவருக்குச் சலுகை.

கேலி செய்தால்தான் நாலு பேர் பயந்து திருந்துவார்கள் என்பது கடைசி எதிர்வாதம். டார்வின் விருதுக்கான கதைகளைத் தொகுத்து 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழின் கிறிஸ்துமஸ் சிறப்பிதழில் பாதி விளையாட்டாக ஓர் ஆய்வு வந்தது. ஆய்வு கணக்கில் எடுத்துக்கொண்ட 318 நிகழ்வுகளில் 282 ஆண்கள். எல்லாமே விநோதக் கதைகள். கேலிக்கு விநோதம் வேண்டும். ஆயிரம் பலூன் வேண்டும். நாளைக் காலை ஆயிரம் பலூனில் ஏறப்போகிறவர் இதைப் படிப்பவர்களில் யாரும் இல்லை. ஆகவே யாரும் பயப்படவும் போவதில்லை. நாம் தினமும் செய்வதற்கு விருது கிடையாது. பேருந்தின் படிக்கட்டில் தொங்குகிறவன், 'படியில் பயணம் நொடியில் மரணம்' என்று எழுதியிருப்பதைப் பிடித்துக்கொண்டே தொங்குகிறான். அவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. செல்பி எடுக்கப் போய் 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை உலகெங்கும் 259 பேர் இறந்ததாகச் செய்திகளைத் தொகுத்த ஓர் ஆய்வு சொன்னது. அவர்களில் 159 பேர் இந்தியாவில் இறந்தவர்கள். அதைப் பற்றி நிறையச் சிரித்தோம், நிறைய எழுதினோம். அந்த ஆறு ஆண்டு எண்ணிக்கையை, நாம் எழுதாத ஒன்றின் ஓராண்டு எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள்கூட இல்லை. பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.